தோற்காத தளபதியை உமர் (ரலி) ஏன் நீக்கினார்கள்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேட்டவர்: கோட்டை மக்தப் டீச்சர், சேலம்

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற அன்பர்களுக்கு வணக்கம்.

சேலம் கோட்டைப் பக்கம் ஒரு மக்தபில் (பிள்ளைகள் குர்ஆன் ஓதும் பள்ளியில்) சாயங்காலம் பாடம் எடுக்கிறேன். ஓதல் முடிந்ததும் கடைசி அரை மணி நேரம் சஹாபாக்கள் (நபித் தோழர்கள்) வரலாறு. இந்த மாதம் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள். பொதுவாக வரலாறு என்றாலே பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விடும், மீதிப் பிள்ளைகள் தட்டுவடை செட் வண்டி வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்க்கும். இந்த முறை அப்படி இல்லை. உஹத் போரில் எதிரணியில் நின்று முஸ்லிம்களை மடக்கியவர், பிறகு இஸ்லாத்துக்கு வந்து, 'சைஃபுல்லாஹ்' (அல்லாஹ்வின் வாள்) என்று நபி (ஸல்) அவர்களிடமே பெயர் வாங்கியவர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். உமர் (ரலி) கலீஃபா (ஆட்சித் தலைவர்) ஆனதும் இவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள், சில வருடம் கழித்து முழுவதுமாகவே நீக்கினார்கள் என்று சொன்னேன். ஏழாவது படிக்கிற ஒரு பையன் உடனே எழுந்து, "ஒரு மேட்ச்கூடத் தோக்காத கேப்டனை எதுக்கு மிஸ் தூக்கினாங்க?" என்றான். வெற்றி அவரால்தான் வருகிறது என்று மக்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக என்று கிதாபில் உள்ளதைச் சொன்னேன். "சரி மிஸ், ஜனங்க நினைச்சதுக்கு அவர் என்ன பண்ணுவார்? அவர் செஞ்ச தப்பு என்ன?" என்று அடுத்த கேள்வி. மஃக்ரிப் பாங்கு சொன்னதால் அன்றைக்குத் தப்பித்தேன்.

வீட்டில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அத்தா, "பெரியவர்கள் விஷயம், அதில் நாம் வாய் வைக்கக் கூடாது" என்கிறார். தம்பி செல்போனில் ஒரு வீடியோ காட்டுகிறான்: 'நூறு போர், தோல்வியே இல்லை' என்று இடிமுழக்க இசை, தீப்பிடித்த வாள். சாச்சியோ, சின்ன வயதில் இரண்டு பேரும் மல்லுக்கட்டியபோது காலித் உமருடைய காலை உடைத்துவிட்டார், அந்தப் பகைதான் என்கிறார்.

பையன் வாயை அடைக்கிற பதில் வேண்டாம். அவனுக்குப் புரிகிற பதில் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

வஅலைக்கும் ஸலாம் மா. கால் உடைந்த கதையை விட்டுவிடுங்கள். இரண்டு பேரும் சொந்தக்காரர்கள். உமர் (ரலி) அவர்களின் தாயார் ஹன்தமா, மக்ஸூம் குலத்துப் பெண். காலித் (ரலி) அவர்களின் தகப்பனார் வலீதுடைய கூடப்பிறந்தவர் மகள். சின்ன வயசுச் சண்டைக்கு கலீஃபாவானதும் பழி தீர்த்தார் என்றால், உமரைப் பற்றி நாம் படித்த வேறு எதுவும் அதோடு ஒட்டாது.

நீக்கியதும் உமர் (ரலி) ஊர் ஊருக்கு எழுதியனுப்பிய விளக்கம் இருக்கிறது. கோபத்தாலோ, அவர் மோசடி செய்தார் என்றோ நீக்கவில்லை. மக்கள் அவரிடம் மயங்கிவிட்டார்கள். செய்பவன் அல்லாஹ் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நீங்கள் சொன்னது சரிதான்.

பட்டறையில் பற்றவைப்பு நடக்கிறது, நீளமாக எழுத முடியாது. ஏற்காட்டிலிருந்து ஒரு மிலிட்டரிக்காரர் இந்தப் பக்கம் வருவார். போர் விஷயம் என்றால் விடமாட்டார். வரட்டும்.

ஏற்காடு மிளகுக்கொடி

டீச்சருக்கு வணக்கம். பட்டறைக்காரர் கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன். இன்றைக்கு மேலே மழையும் பனிமூட்டமும். தோட்டத்தில் வேலை ஓடாது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் சர்வீஸ் கோர், கோவேறு கழுதைப் பிரிவு. லாரி ஏறாத இடத்துக்கு ரேஷனும் குண்டும் மண்ணெண்ணெயும் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற வேலை. இப்போது கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட கொஞ்சம் மிளகு. உங்கள் மார்க்கத்துக்காரன் இல்லை. பெயர்களுக்குப் பின்னால் நீங்கள் போடும் மரியாதைச் சொற்களை நான் போடாவிட்டால் பழக்கமில்லாததுதான் காரணம், தப்பாக எடுக்க வேண்டாம். காலித் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் பயிற்சியில் பாடம் எடுத்த ஒரு சுபேதார் சாப். அவர் சொன்னது வாள் கதை இல்லை, தண்ணீர்க் கதை. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

634-ஆம் வருடம். காலித் இராக்கில் இருக்கிறார், ஹீரா நகரம் அவர் கைக்கு வந்துவிட்டது. சிரியாவில் ரோமர்களுக்கு எதிரே நிற்கும் அரபுப் படைகளுக்கு ஆள் போதவில்லை, உடனே கிளம்பு என்று அப்போதைய கலீஃபா அபூபக்ரிடமிருந்து கடிதம் வருகிறது. பழகிய வழியில் போனால் ரோமர்களின் காவல் நிலைகள் குறுக்கே வரும். குராகிர் என்ற இடத்திலிருந்து சுவா என்ற ஊற்றுக்கு, நடுவில் சொட்டுத் தண்ணீர் இல்லாத பாலையைக் குறுக்கே வெட்டிப் போக முடிவெடுக்கிறார். ஐந்து நாள் வழி. வழிகாட்டி ராஃபி என்பவர், 'ஒற்றை ஆளாகப் போகிறவனே உயிருக்குப் பயப்படுகிற பாதை, நீங்கள் குதிரையும் மூட்டையுமாகப் போக முடியாது' என்று முதலில் மறுக்கிறார். காலித் பிடிவாதமாக இருக்கவே, சரி என்று ராஃபி கேட்டது இருபது ஒட்டகம். பெரியதாக, கொழுத்ததாக, வயதானதாக. அவற்றைத் தாகத்தில் தவிக்கவிட்டு, அப்புறம் வயிறு முட்டக் குடிக்கவிட்டு, அசை போடாதபடி வாயைக் கட்டினார்கள். ஒவ்வொரு தங்கலிலும் நான்கை அறுத்து, இரைப்பையில் இருந்த தண்ணீரைப் பாலோடு கலந்து குதிரைகளுக்குக் கொடுத்தார்கள். ஆட்களுக்குத் தோல்பையில் கொண்டுபோனதுதான்.

கடைசி நாள் எல்லாம் தீர்ந்துபோயிற்று. ராஃபிக்கோ கண்நோய், எதிரில் இருப்பது சரியாகத் தெரியவில்லை. 'உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி ஒரு முள்செடி இருக்கும், பாருங்கள்' என்கிறார். பார்க்கிறார்கள், இல்லை. 'அப்படியானால் நீங்களும் போனீர்கள், நானும் போனேன், நன்றாகத் தேடுங்கள்' என்கிறார். யாரோ செடியை வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், அடிக்கட்டை மட்டும் தென்படுகிறது. அதைக் கண்டதும் தக்பீர் முழக்கம். அடியில் தோண்டினால் ஊற்று. பிறகு ராஃபி சொன்னாராம், இந்தத் தண்ணீருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன், சின்னப் பையனாக, என் அப்பாவோடு.

எந்தப் பாதையில் போனார் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கூடப் போனவர்கள் ஐந்நூறு பேர் என்றும் உண்டு, ஒன்பதாயிரம் என்றும் உண்டு. என்னைக் கேட்டால் சின்னப் படைதான். வெயிலில் உழைக்கிற குதிரைக்கு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். நான்கு ஒட்டக வயிற்றை வைத்து எத்தனை குதிரையை நிறுத்தலாம் என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். அரபிகள் ஒட்டகத்தில் ஏறிக்கொண்டு குதிரையைப் பக்கத்தில் நடத்தியே கூட்டிப்போவார்கள், சண்டைக்கு மட்டும்தான் குதிரை மேல் ஏறுவார்கள். அதனால் இதுவாவது முடிந்தது. எங்கள் பிரிவில் முதல் நாள் பாடமே 'முதலில் தண்ணீர், அப்புறம் தீனி'. வரிசை தப்பினால் கழுதை வயிற்று வலியில் விழுந்து புரளும், மேலே காத்திருக்கிறவனுக்குச் சோறு போய்ச் சேராது. காலிதின் வாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இருபது ஒட்டகத்தைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்காது.

அடுத்து அந்தத் 'தோல்வியே இல்லை'. 629-இல் முஃதா, இன்றைய ஜோர்டானில். நபிகள் நியமித்த மூன்று தளபதிகள் ஜைத், ஜஅஃபர், அப்துல்லாஹ் பின் ரவாஹா, ஒருவர் பின் ஒருவராக விழுந்த பிறகு கொடி காலித் கைக்கு வருகிறது. அவர் இஸ்லாத்துக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்குக் கையில் ஒன்பது வாள் உடைந்தது, ஒரு யமன் நாட்டு வாள்தான் மிஞ்சியது என்று அவரே சொன்னதாக ஹதீஸில் வருகிறது. பிள்ளைகளுக்கு அந்த ஒன்பது வாள் பிடிக்கும், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அன்று அவர் செய்து முடித்த காரியம் பின்வாங்கல். இரவோடு இரவாக முன்வரிசையைப் பின்னாலும் வலது அணியை இடது பக்கமும் மாற்றி நிறுத்தி, புதுப் படை வந்துவிட்டது என்று எதிரியை நினைக்க வைத்து, மிச்ச ஆட்களை ஊர் சேர்த்தார் என்கிறார்கள். மதீனாவில் மக்கள் 'ஓடி வந்தவர்களே' என்று மண்ணை வாரி இறைத்தார்கள். 'இல்லை, இவர்கள் திரும்பப் போய் மோதுகிறவர்கள்' என்று தடுத்தவர் நபிகள். 'அல்லாஹ்வின் வாள்' என்ற பெயரும் இந்தப் போரை ஒட்டித்தான் வந்தது. படையில் இருந்த யாரையும் கேளுங்கள், கட்டுக் குலையாமல் பின்னால் வருவதைப் போலக் கஷ்டம் வேறில்லை. இதை வெற்றியில் சேர்ப்பதா தோல்வியில் சேர்ப்பதா என்று வீடியோக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இனி பையன் கேள்வி. நீக்கம் இரண்டு தடவை நடந்தது. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் குழப்பம்.

634 ஆகஸ்டில் அபூபக்ர் இறந்து உமர் வருகிறார். சிரியாவின் தலைமையைக் காலிதிடமிருந்து எடுத்து அபூ உபைதாவிடம் கொடுக்கிறார். காலித் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. அதே படையில், நேற்று வரை தன் கட்டளையில் இருந்தவருக்குக் கீழே, குதிரைப் படையோடு நின்றுகொள்கிறார். 636 ஆகஸ்டில் யர்மூக். சிரியாவை ரோமர்கள் அடியோடு இழந்த போர். அபூ உபைதா பெரிய மனுஷன். சண்டையை நடத்தும் வேலையை இவரிடமே விட்டுவிட்டார். காலித் குதிரைகளில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி வைத்து, எந்த வரிசை தளர்கிறதோ அங்கே கொண்டுபோய் முட்டுக் கொடுத்தார். பின்னால் ஓடிவந்த ஆட்களைக் கூடாரத்துப் பெண்கள் முளைக்கம்பை எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பியதாகவும் உண்டு. கடைசியில் ருக்காத் பள்ளத்தாக்கின் பாலம் அரபிகள் கையில் போனதும், செங்குத்துச் சரிவுக்கும் எதிரிக்கும் நடுவில் ரோமர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆக, அவர் நடத்திய மிகப் பெரிய போர் பதவி போன பிறகு நடந்தது. 'கேப்டனைத் தூக்கிட்டாங்க' என்றால் உங்கள் பையன் அவர் பெவிலியனில் உட்கார்ந்துவிட்டதாக நினைத்திருப்பான். முதலில் அதைத் திருத்துங்கள்.

இரண்டாவது நீக்கம் 638-இல். இது கணக்குத் தகராறு. காலித் அப்போது வட சிரியாவில் கின்னஸ்ரீனில் பொறுப்பில் இருக்கிறார். தன்னைப் பார்க்க வந்த கிந்தா குலத் தலைவர் அஷ்அஸ் பின் கைஸுக்குப் பத்தாயிரம் திர்ஹம் எடுத்துக் கொடுக்கிறார். செய்தி மதீனாவுக்குப் போகிறது. உமருடைய வாதம் சுருக்கமானது: பொதுப் பணம் என்றால் மோசடி, சொந்தப் பணம் என்றால் ஊதாரித்தனம், எப்படியானாலும் நீக்கு. சபை கூட்டி, மக்கள் முன்னால் உமர் அனுப்பிய ஆள் கேட்கிறார், யார் பணம் அது? காலித் வாய் திறக்கவில்லை. மேலே உட்கார்ந்திருக்கும் அபூ உபைதாவும் பேசவில்லை. அப்போது பிலால் எழுந்து வருகிறார். பாங்கு சொன்ன அதே பிலால். காலிதின் தலைப்பாகையை எடுத்து, அதாலேயே அவர் கையைக் கட்டுகிறார். 'சொந்தப் பணம்' என்று பதில் வந்ததும் கட்டை அவிழ்த்து, தலைப்பாகையைத் தன் கையாலேயே திரும்பச் சுற்றிவிடுகிறார். ஒரு காலத்தில் மக்காவில் அடிமையாக இருந்தவர், மக்ஸூம் பிரபு வீட்டுப் பிள்ளையின் கையைக் கட்டுகிறார். எதிரிலிருந்த அத்தனை படையையும் புரட்டிய மனுஷன் அசையாமல் நிற்கிறார். வகுப்பில் இந்த ஒரு காட்சியை நிதானமாகச் சொல்லுங்கள்.

இந்தத் தகராறு திடீரென்று முளைத்ததும் இல்லை. கலீஃபாவைக் கேட்காமல் ஓர் ஆடோ ஒட்டகமோ யாருக்கும் கொடுக்காதே என்று காலிதுக்கு எழுதும்படி அபூபக்ரிடமே உமர் சொல்லியிருக்கிறார். 'என் வேலையை என்னிடம் விடுங்கள், இல்லையென்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற தோரணையில் காலிதிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அபூபக்ர் பொறுத்துப்போனார். உமர் அப்படி இல்லை. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று பெயர் பெயராக எழுதித் திவான் என்ற பதிவேடு போட்டவர் அவர். படை முழுக்க ஒருவருடைய கைத்தாராளத்தை நம்பி நின்றால், நாளைக்கு அந்த ஒருவர் இல்லாதபோது என்ன ஆகும்? சப்ளைக்காரன் என்ற முறையில் நான் உமர் கட்சி. ஸ்டோர் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் முறைக்கிற கெட்டிக்கார அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

அவர் செய்த தப்பு என்ன என்றானே, இப்படிச் சொல்லலாம்: திருடவில்லை, கொடுப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று இருந்தார்.

சூரமங்கலம் ரயிலடி

மிளகுக்கொடி ஐயா நன்றாக எழுதினார், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ரோமும் பாரசீகமும் 602 முதல் 628 வரை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நார்நாராகக் கிடந்த நேரம் அது. எல்லையைக் காத்துவந்த ஹீரா அரபு மன்னர் வம்சத்தைப் பாரசீகமே ஒழித்துக்கட்டியிருந்தது. சிரியா மக்களில் நிறையப் பேருக்கு மதச் சண்டையில் கான்ஸ்டான்டிநோபிள் மேல் ஏற்கெனவே கசப்பு. அந்த நிலைமையில் யார் தளபதியாக வந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். தனி மனிதரை இவ்வளவு தூக்குவது தேவையா?

ஏற்காடு மிளகுக்கொடி

களைத்திருந்தது உண்மை. ஆனால் யர்மூக்குக்கு ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் அனுப்பியது களைத்த படை இல்லை, ஆர்மீனியரையும் கஸ்ஸானி அரபிகளையும் சேர்த்துக் கூட்டிய பெரும்படை. எண்ணிக்கை விஷயத்தில் இரு தரப்பும் அள்ளிவிடுவார்கள், அதை விடுங்கள். 'யார் வந்தாலும் ஜெயித்திருப்பார்கள்' என்றால், 634-இல் இராக்கைக் காலித் விட்டுப் போன கொஞ்ச நாளிலேயே பாலத்துப் போரில் அரபுத் தளபதி அபூ உபைத் அஸ்ஸகஃபி (மேலே சொன்ன அபூ உபைதா வேறு) யானைக் காலில் மிதிபட்டு, ஆட்களில் பாதி யூப்ரடீஸ் ஆற்றோடு போனதை எப்படிச் சொல்வீர்கள்? அதே களைத்த பாரசீகம்தானே. அதே சமயம் காதிஸிய்யாவில் பாரசீகத்தை முடித்தது சஅத் பின் அபீ வக்காஸ். அங்கே காலித் இல்லை. ஆகவே அவர் இல்லாமலும் நடந்தது, அவர் இருந்தபோது இன்னும் நன்றாக நடந்தது. உமர் கணக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கோட்டை மக்தப் டீச்சர், சேலம்

ஜஸாக்கல்லாஹ், ஐயாவுக்கு மிக்க நன்றி. பட்டறை அண்ணனுக்கும்.

தரையில் சாக்பீஸால் படம் போட்டு, ஒரு பக்கம் இராக், ஒரு பக்கம் சிரியா, நடுவில் வெறும் இடம் என்று காட்டிச் சொன்னேன். முள்செடிக் கட்டை கிடைக்கிற இடத்தில் ஒரு பிள்ளைகூட வாசலைப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் மாலிக் பின் நுவைரா பெயரை எங்கோ படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அதைச் சொல்வதா, பிறகு பார்க்கலாம் என்பதா? அடக்கம் ஹிம்ஸில் என்பது உறுதியா?

அம்மாப்பேட்டை ஓதும்பிள்ளை

வஅலைக்கும் ஸலாம் ஆபா. அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருக்கிறேன், எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். பெரிய பிள்ளைகள் கேட்டால் சொல்லிவிடுங்கள் என்றார்கள். மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது திரித்துச் சொல்வார்கள்.

நபி (ஸல்) அவர்கள் வஃபாத்துக்குப் (மறைவுக்குப்) பிறகு, விலகிப்போன கோத்திரங்களோடு நடந்த ரித்தா போர்களில், தமீம் கோத்திரத்து யர்பூஃ கிளைத் தலைவர் மாலிக் சிறைபிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் முஸ்லிமாகவே இருந்தார், பாங்கு சொன்னதைக் கேட்டோம் என்று கூடவே போன அபூ கதாதா (ரலி) சாட்சி சொல்லி, மதீனாவுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். மாலிக்குடைய மனைவியைக் காலித் (ரலி) மணந்துகொண்டது விஷயத்தை இன்னும் கடினமாக்கியது. உமர் (ரலி) தண்டிக்கச் சொன்னார்கள். அபூபக்ர் (ரலி), காலித் ஆய்ந்து தவறியிருக்கலாம், அல்லாஹ் உருவிய வாளை நான் உறையில் போட மாட்டேன் என்று சொல்லி, மாலிக்குக்கு இரத்த ஈட்டுத் தொகை கொடுத்தார்கள். மாலிக்குடைய தம்பி முதம்மிம் அண்ணனுக்காகப் பாடிய இரங்கற்பாக்கள் அரபு இலக்கியத்தில் இன்றும் பேர்பெற்றவை. உமர் (ரலி) அவர்களே அவரை உட்காரவைத்துப் பாடச் சொல்லிக் கேட்டார்கள் என்று வருகிறது. முதல் நீக்கத்துக்கு இந்த வருத்தமும் ஒரு காரணம் என்பது பலர் கருத்து. மிளகுக்கொடி ஐயா கணக்கை மட்டும் சொன்னார்கள், இதையும் பக்கத்தில் வையுங்கள்.

அதற்கு முன்னால், மக்கா வெற்றிக்குப் பிறகு பனூ ஜதீமா கோத்திரத்தார் விஷயத்தில் காலித் (ரலி) அவசரப்பட்டுக் கைதிகளைக் கொன்றபோது நபி (ஸல்) கையை உயர்த்தி, 'யா அல்லாஹ், காலித் செய்ததிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்' என்று இரண்டு முறை சொன்னது ஸஹீஹான ஹதீஸ். அலீ (ரலி) அவர்களிடம் பணம் கொடுத்தனுப்பி, உயிருக்கும் உடைமைக்கும் ஈடு கொடுத்தார்கள், நாய் தண்ணீர் குடிக்கிற பாத்திரத்துக்குக்கூட. அதற்காகக் காலிதைப் படையிலிருந்து நீக்கவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது ஹஜ்ரத் சொன்னது.

இன்னொன்று, மக்தப் பிள்ளைகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. தன்னையும் நபி என்று சொல்லிக்கொண்ட முஸைலிமாவுக்கு எதிராக யமாமாவில் காலித் (ரலி) நடத்திய போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானார்கள். அந்தக் கவலையில்தான் உமர் (ரலி) அபூபக்ர் (ரலி) அவர்களை வற்புறுத்த, ஜைத் பின் ஸாபித் (ரலி) குர்ஆனை ஒரே ஏட்டில் திரட்டினார்கள். பிள்ளைகள் மடியில் வைத்து ஓதுகிற முஸ்ஹஃபின் (குர்ஆன் ஏட்டின்) வரலாற்றில் யமாமா இருக்கிறது.

ஹிஜ்ரி 21, அதாவது 642-இல் வஃபாத். ஹிம்ஸ் என்பதே பெரும்பாலோர் சொல்வது, மதீனா என்றும் ஒரு கருத்து உண்டு. என் உடம்பில் வெட்டோ குத்தோ படாத இடமில்லை, ஆனாலும் ஒட்டகம் சாவதுபோலப் படுக்கையில் சாகிறேன் என்று வருந்தியதாக அறிவிப்பு. விட்டுப்போனது ஒரு குதிரை, ஆயுதங்கள், ஓர் அடிமை. கேட்டதும் உமர் (ரலி), நாம் அவரைப் பற்றி நினைத்தது வேறு என்று சொன்னார்கள், மக்ஸூம் பெண்கள் அழுவதையும் தடுக்கவில்லை. ஹிம்ஸில் அவர் பெயரில் உள்ள பள்ளிவாசல் இப்போதிருக்கும் உருவத்தில் உஸ்மானியர் காலத்தின் கடைசியில் கட்டியது. சிரியா உள்நாட்டுப் போரில் 2013-இல் குண்டு விழுந்து அடக்கத்தலம் சேதமானது. பின்னால் சீரமைத்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

நாய்ப் பாத்திரத்துக்கும் ஈடு கொடுத்த விஷயம் எனக்குப் புதுசு தம்பி. இதை எங்கள் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். எல்லோரும் அலீ (ரலி) பக்கம் போய்விட்டார்கள், காலிதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கோட்டை மக்தப் டீச்சர், சேலம்

தம்பிக்கும் ஹஜ்ரத்துக்கும் துஆ. மாலிக் விஷயத்தைப் பெரிய பிள்ளைகளிடம் மட்டும் சொல்லப்போகிறேன்.

ஏழாம் வகுப்புக்காரன் நேற்று சமாதானமாகிவிட்டான். "சொந்தக் காசுன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல மிஸ், எதுக்குக் கையைக் கட்டுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு நின்னார்?" என்று கேட்டுவிட்டு, அவனே "ரோஷம்" என்று பதிலும் சொல்லிவிட்டான். அவன் தங்கைதான் இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறாள்: "அந்த இருபது ஒட்டகமும் பாவம் இல்லையா?" ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஏற்காடு மிளகுக்கொடி

பாவம்தான், அதில் என்ன சந்தேகம். வயதான ஒட்டகங்களாகக் கேட்டார் என்பதைப் பாப்பாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறும். அப்படியும் அழுதால் பெடோங்கி கதையைச் சொல்லுங்கள். எங்கள் பிரிவின் கோவேறு கழுதை, 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் பிடிபட்டு, அவர்கள் ஏற்றிவிட்ட இயந்திரத் துப்பாக்கியும் குண்டுமாகத் தானாகவே நம் பக்கம் திரும்பி வந்தது. அது தனி இழை, வேண்டுமென்றால் தொடங்குகிறேன்.